பர்பெக் புதர்வெளியில் இலையுதிர்காலம்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பிரதேசத்தின் தென்கிழக்குக் கோடியில், பூல் துறைமுகத்தின் ஆழமற்ற நீர்ப்பரப்புக்கும் பர்பெக் குன்றுகளின் சுண்ணாம்புத் தொடருக்கும் இடையே, மரங்கள் அருகி, முழங்காலளவே உயர்ந்த குறும்புதர்களால் போர்த்தப்பட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் ஏறியும் இறங்கியும் கிடக்கும் மணற்பாங்கான பூமியை அந்நாட்டவர் ஹீத் என்று வழங்குகின்றனர். ஆகஸ்டு மாதத்தில் ஹெதர்ச் செடிகள் ஊதா நிறமாகப் பூத்து அந்த வெளி முழுவதையும் நிறைக்கும்போது அதைக் காண வருவோர் அநேகர். ஆயினும், அந்நிலத்தின் சுபாவத்தையும் சரித்திரத்தையும் அறிய விரும்புகிறவர்கள், பூவெல்லாம் காய்ந்து துருவின் நிறம் ஏறிய அக்டோபர் மாதத்தில் அங்கே நடந்து பார்ப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

கூட்டமாக நடப்பதற்கும் அந்தப் பருவமே உகந்தது. வசந்தத்திலும் கோடையிலும் இப்புதர்வெளியில் தரையிலேயே முட்டையிட்டு அடைகாக்கும் பறவைகள் உண்டு. அந்தி மயங்கியதும் ராட்டை சுழலும் ஓசை போல இடையறாமல் குரலெழுப்பும் பக்கிப் பறவை அவற்றுள் முக்கியமானது. மனிதரோ நாயோ அருகே வரக் கண்டால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். காவலற்றுக் கிடக்கும் முட்டைகளைக் காக்கைகள் கவர்ந்து செல்ல அந்தச் சில நிமிஷங்களே போதும். ஆகையினால்தான், பொதுமக்கள் சுதந்திரமாக உலவுவதற்குத் திறந்துவிடப்பட்ட இத்தகைய நிலங்களில் மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூலை இறுதிவரை நாய்களைக் குறுங்கயிற்றில் பிடித்துக்கொண்டே செல்ல வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. அக்டோபர் வருவதற்குள் பக்கிகள் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகின்றன. மணற்பல்லிகளும் பாம்புகளும் குளிர்கால நித்திரைக்காக வளைகளுக்குள் புகத் தொடங்குகின்றன. மனிதக் காலடியால் நேரும் தீங்கு அப்போது மிகக் குறைவு.

நாங்கள் நடந்தது ஹார்ட்லண்ட் மூர் என்னும் பகுதி. நிலத்தைப் பராமரிக்கும் காப்பாளர் ஒருவர் முன்னே செல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இளம் தம்பதிகளும் பறவைப் பித்தர்களுமாகப் பலதிறப்பட்ட கூட்டம் ஒன்று அவர் பின்னே சென்றது. பாதையின் ஒரு பகுதி நேர்கோடாகச் செல்வதையும், அதன் இருமருங்கிலும் துளையிட்ட சதுரக் கற்கள் புல்லில் புதைந்திருப்பதையும் அவர் சுட்டிக் காட்டினார். பூமிக்கடியில் வெட்டியெடுத்த வெண்களிமண்ணை, ஸ்டாஃபோர்ட்ஷயரின் பீங்கான் சூளைகளுக்குக் கப்பலேற்றும் பொருட்டுத் துறைமுகக் கரைக்குக் கொண்டுசெல்ல 1806ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மிடில்பியர் இருப்புப் பாதையின் எச்சமே அக்கற்கள். நீராவி எஞ்சின்கள் பரவுமுன் குதிரைகள் இழுத்த வண்டிகள் அதன்மேல் ஓடின. சற்றுத் தொலைவில், மரங்களின் மறைவில், மேற்கு ஐரோப்பாவின் தரைப்பகுதி எண்ணெய் வயல்கள் யாவற்றிலும் பெரியதான விச் ஃபார்ம் இன்றும் எண்ணெய் இறைத்துக்கொண்டிருக்கிறது. மனிதன் தொடாத வனாந்தரம் என்று எண்ணிக்கொண்டு இங்கே வருகிறவன் முதல் அரைமணி நேரத்திலேயே அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான்.

ஆயினும் இவ்விடம் நாட்டின் மிக மதிப்புவாய்ந்த பாதுகாக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், முன்பு தனித்தனியே இருந்த மூன்று தேசிய இயற்கைக் காப்பகங்களையும் அவற்றைச் சூழ்ந்த நிலங்களையும் ஒன்றாக இணைத்து, 3,331 ஹெக்டேர் பரப்புள்ள பர்பெக் ஹீத்ஸ் தேசியக் காப்பகம் அமைக்கப்பட்டது; அரசாங்க ஸ்தாபனங்களும் தர்ம ஸ்தாபனங்களும் தனியார் பண்ணை ஒன்றுமாக ஏழு உடைமையாளர்கள் அதைக் கூட்டாக நிர்வகிக்கின்றனர்.

இலையுதிர்காலத்தில் அந்நிலத்தின் வர்ணங்களைக் கொண்டே அதன் பூகோளத்தை ஒருவாறு படித்துவிடலாம். மேட்டுப்பாங்கான உலர்ந்த இடங்களில் ஹெதரின் காய்ந்த பூக்கள் உதிராமல் தண்டிலேயே தங்கிச் செம்பழுப்பாகத் தோன்றும். அவற்றினிடையே முள் நிறைந்த குள்ளக் கார்ஸ் செடி அப்போதும் மஞ்சளாகப் பூத்திருக்கும். சற்றே தாழ்ந்த ஈரநிலங்களில் மொலீனியா என்னும் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருக்கும். இன்னும் தாழ்ந்து, நீர் தேங்கி, ஸ்ஃபாக்னம் பாசி மெத்தையாக வளர்ந்த சதுப்புகளில் ஆஸ்ஃபடெல் என்னும் செடியின் காய்த்தண்டுகள் செம்மஞ்சளாக நிற்கும். அதிர்ஷ்டமிருந்தால், கோடையின் கடைசி மலராக, ஜென்ஷியன் ஒன்று ஆழ்ந்த நீலநிறத்தில் கண்ணில் படும். இரண்டு மூன்று அடி உயர வேறுபாட்டுக்குள் இத்தனை மாற்றங்கள். தொலைவில் ஆர்ன் தீபகற்பத்திலிருந்து சீழ்க்கையடிப்பதுபோன்ற ஒரு கூவல் அடிக்கடி கேட்டது. அது சீக்கா மான்களின் இணைசேரும் பருவக் குரல். கீழ்த்திசை ஆசியாவைச் சேர்ந்த இந்த மான்கள் 1896இல் துறைமுகத்தின் நடுவிலுள்ள பிரவுன்ஸீ தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நீந்தியே கரையேறிப் பெருகியவை.

காப்பாளர் ஓரிடத்தில் மணற்சரிவின் வெட்டுமுகத்தைக் காட்டினார். இந்நிலத்தின் ரகசியம் முழுவதும் அந்த இரண்டடி மண்ணில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. மேலே, மக்காத வேர்களும் இலைகளும் சேர்ந்த கரிய படலம். அதன் கீழே, ஊட்டச்சத்து யாவும் கழுவப்பட்டு, சாம்பல் நிறத்தில் வெளுத்துப்போன மணல். அதற்கும் கீழே, கறுப்பும் துருச்சிவப்புமான இறுகிய அடுக்கு. மணலினூடே இறங்கும் மழைநீர், ஹெதர்ச் சருகுகளிலிருந்து ஊறும் அமிலங்களோடு சேர்ந்து, மேல்மண்ணிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்து எடுத்துச் சென்று கீழே படிய வைக்கிறது. காலப்போக்கில் அந்த இரும்புப் படிவு கடினமான ஓடாகி, வேர்கள் ஊடுருவுவதையும் நீர் வடிவதையும் தடுத்துவிடுகிறது. பாட்சால் என்று விஞ்ஞானிகள் குறிப்பிடும் இத்தகைய மண்ணில் கோதுமை விளையாது. நல்ல புல்லும் செழிக்காது. ஆனால் ஹெதருக்கு அதுவே ஜீவாதாரம்.

மற்றச் செடிகள் பட்டினி கிடக்கும் மண்ணில் ஹெதர் எப்படித் தழைக்கிறது என்ற வினாவுக்கு விடை அதன் வேரில் இருக்கிறது. மயிரிழையினும் மெல்லிய அவ்வேர்களின் உயிரணுக்களுக்குள்ளேயே ஒருவகைப் பூஞ்சை குடியிருந்து, தன் நூலிழைகளைச் சுற்றியுள்ள கரிய மட்கினுள் பரப்பி, மற்றத் தாவரங்களுக்கு எட்டாத நிலையில் அங்ககப் பொருள்களுக்குள் பூட்டுண்டு கிடக்கும் நைட்ரஜனைப் பிரித்தெடுத்துச் செடிக்கு அளிக்கிறது. அதற்குப் பிரதியாகச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரீடும் அவருடைய சகாக்களும் 1970களிலிருந்து செய்த பரிசோதனைகள் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெளிவாக நிரூபித்தன. மண் வறியதாக இருக்கும்வரை இந்தக் கூட்டுறவு ஹெதருக்கு ஆதிக்கத்தைத் தருகிறது. மண்ணில் உரம் சேர்ந்துவிட்டால் கூட்டாளி தேவைப்படாத புற்கள் விரைவாக வளர்ந்து அதை நிழலில் அமுக்கிவிடுகின்றன.

இனி, இந்த வறுமை எப்படி வந்தது? வெகுகாலம் வரையில் அறிஞர்கள், காற்றும் அமில மண்ணும் காரணமாக மரங்கள் வளராமற்போன இயற்கை வெளிகளே இவை என்று கருதி வந்தனர். அந்தக் கருத்தை மாற்றியவர்களுள் ஜெஃப்ரி டிம்பிள்பி முக்கியமானவர். வெண்கல யுகத்து மக்கள் இறந்தோரின்மீது எழுப்பிய மண்மேடுகள் இங்கிலாந்தின் புதர்வெளிகளில் ஏராளமாக உள்ளன. அம்மேடுகளின் அடியில், சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்டுவிட்ட பழைய தரை அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கும் என்பதை உணர்ந்த அவர், பல இடங்களில் அத்தரையைத் தோண்டி அதிலிருந்த மகரந்தத் துகள்களை உருப்பெருக்கியின் கீழ் எண்ணினார். மகரந்தத் துகளின் மேலுறை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாதது. அதன் உருவத்தைக் கொண்டே அது ஓக்கினுடையதா, ஹேஸலினுடையதா, ஹெதரினுடையதா என்று சொல்லிவிடலாம். 1962இல் வெளியான அவருடைய ஆராய்ச்சி, இன்று சாம்பல் மணலாக உள்ள பல இடங்களில் மேட்டின் அடியிலிருப்பது காட்டு மண்ணே என்றும், மனிதன் மரங்களை வெட்டியும் எரித்தும் நிலத்தைத் திருத்திய பிறகே ஹெதர் பரவி மண்ணும் நலிந்தது என்றும் எடுத்துக்காட்டியது.

நான் அந்தச் சரிவின்முன் நின்றபோது என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம் இதுதான். ஒரு காட்டை அழித்தது குற்றமென்றால் அது குற்றமே; ஆனால் அக்குற்றத்தின்மேல் நாலாயிரம் ஆண்டுகள் உயிர்கள் குடியேறி, அந்த நிலைக்கே தம்மைப் பொருத்திக்கொண்டு, இன்று வேறெங்கும் வாழ இயலாத ஒரு சமுதாயமாகிவிட்டன. அதைக் காப்பாற்றும் கடமை அதை உண்டாக்கிய மனிதனையே சாரும்.

அந்தக் கடமையை முன்னோர்கள் தம் வயிற்றுப்பாட்டின் நிமித்தம் அறியாமலே செய்துவந்தனர். கிராமத்து ஏழைகள் தம் மாடுகளையும் மட்டக்குதிரைகளையும் பொதுநிலத்தில் மேயவிட்டனர். அடுப்பெரிக்க மேல்மண்ணைப் பாளம் பாளமாக வெட்டினர். ரொட்டிச் சூளைக்குக் கார்ஸ் முள்ளையும், தொழுவத்தில் பரப்பப் பெரணியையும், கூரை வேய ஹெதரையும் அறுத்துச் சென்றனர். ஒவ்வொரு சுமையோடும் மண்ணின் சத்து வெளியே போய்க்கொண்டிருந்தது, வறுமை நிலைத்தது, ஹெதரும் நிலைத்தது. தாமஸ் ஹார்டி 1878இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' என்னும் நாவலின் எக்டன் ஹீத், டார்செட்டின் இந்தப் புதர்வெளிகளைக் கொண்டு புனைந்ததே. பாரிஸிலிருந்து திரும்பிய கதாநாயகன் கண்பார்வை மங்கியதும் முள்வெட்டும் கூலியாளாகும் அந்தக் கதையில், இந்நிலத்தைக் காத்த உழைப்பின் உண்மையான வடிவத்தைக் காணலாம்.

மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும் என்பதை டார்வின் சர்ரே பிரதேசத்தில் ஃபார்ன்ஹாம் என்னும் ஊருக்கருகே கண்டு, 1859இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். திறந்த ஹீத்தில் குன்றின் உச்சிகளில் மட்டும் சில பைன் மரங்கள் நின்றன. வேலியடைத்த பகுதிகளிலோ, எவரும் விதைக்காமலே, பைன் கன்றுகள் மூச்சுவிட இடமின்றி நெருங்கி எழுந்தன. வேலிக்கு வெளியே குனிந்து ஹெதர்த் தண்டுகளுக்கிடையே நோக்கியபோது அங்கும் எண்ணற்ற கன்றுகள் இருக்கக் கண்டார். கால்நடைகள் அவற்றை ஓயாமல் கடித்துக் குறைத்திருந்தன. ஒரு சதுர கெஜத்தில் மட்டும் முப்பத்திரண்டு கன்றுகள். அவற்றில் ஒன்று, வளையங்களை எண்ணிப் பார்க்கையில், இருபத்தாறு ஆண்டுகளாகத் தலைதூக்க முயன்று தோற்றிருந்தது! குனிந்து பார்த்து எண்ணும் பொறுமையிலிருந்து பெரிய உண்மைகள் பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. சதுப்புகளில் பூச்சி தின்னும் டிரொஸீராச் செடியும் அவர் கவனத்தைக் கவர்ந்தது 1860ஆம் ஆண்டுக் கோடையில், ஸஸெக்ஸிலுள்ள ஒரு ஹீத்தில்தான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அது ஒரு தனி நூலாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் டார்செட்டில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் புதர்வெளி இருந்தது. 1970களின் இறுதியில் அது 6,000 ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது. சுண்ணாம்பும் ரசாயன உரமும் இட்டு ஒரு பகுதியை வயலாக்கினர். ஒரு பகுதியில் ஊர்கள் எழுந்தன. 1919இல் நிறுவப்பட்ட வனக் கமிஷன், மரமில்லாத நிலம் வீண் என்ற நோக்கோடு, பைன் மரங்களை வரிசை வரிசையாக நட்டது. பரப்புச் சுருங்கியதைவிட, எஞ்சிய நிலம் துண்டு துண்டானதே பெருந்தீங்கு என்பதை நார்மன் மூர் என்னும் விஞ்ஞானி 1962இல் விளக்கினார். ஒரு காலத்தில் சில பெரும் வெளிகளாகக் கிடந்தது நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாகிவிட்டதை அவருடைய வரைபடங்கள் காட்டின. அதன் விளைவு மறு வருஷமே தெரிந்தது. வலசை போகாமல் குளிர்காலத்திலும் கார்ஸ் புதருக்குள்ளேயே பூச்சி தேடித் தின்னும் டார்ட்ஃபர்ட் வார்ப்ளர் என்ற சிறு குருவி, 1962-63இன் கொடும் பனிக்குப்பின் பிரிட்டன் முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகளே மிஞ்சுமளவுக்கு மடிந்துபோயிற்று. நிலங்கள் காக்கப்பட்ட பின்னரே அது படிப்படியாக மீண்டது. நாங்கள் நடந்த அன்று, கருஞ்சாம்பல் முதுகும் செம்பழுப்பு மார்பும் நீண்டு நிமிர்ந்த வாலுமாக ஒரு வார்ப்ளர் முள்நுனியில் கணநேரம் தோன்றி மறைந்தது. கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தியது.

மரமில்லாத நிலம் வீண் என்ற அந்த நோக்கு நம் நாட்டுக்கும் வந்தது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள புல்வெளிகள் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று காட்டியிருக்கின்றனர். மனிதன் உண்டாக்கிய ஹீத்துக்கும் அந்த ஆதிப் புல்வெளிக்கும் பிறப்பில் ஒற்றுமை இல்லை. ஆயினும் இரண்டின்மீதும் ஒரே கண்ணோட்டத்தோடு மரங்கள் திணிக்கப்பட்டன: அங்கே பைன், இங்கே சீகை மரமும் யூகலிப்டஸும். அதோடு, ஆங்கிலேயர் தம் ஹீத்துகளின் நினைவாகவோ வேறெதற்காகவோ கொண்டுவந்த கார்ஸ் செடியும் உதகையைச் சுற்றிலும் பரவியிருக்கிறது. வேர்முடிச்சுகளால் காற்றின் நைட்ரஜனைப் பற்றும் சக்தியும், மண்ணில் பல்லாண்டு உறங்கும் விதைகளும் கொண்ட அச்செடி, வார்ப்ளருக்கு டார்செட்டில் உயிர் கொடுக்கிறது. நீலகிரியிலோ புல்லின் இடத்தைக் கவர்கிறது.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலடி பட்டுப் பட்டு வெறும் மணலாகிக் கிடக்கும் பாதைகள் நிலத்தின் காயங்கள் என்றே நம்மில் பலர் நினைத்திருந்தோம். ஆனால் மணற்பல்லி தன் முட்டைகளை வெயில் படும் வெறும் மணலில்தான் புதைக்கிறது; மண்ணைத் துளைத்து வாழும் தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் வெற்றுமணலே வீடு. வெகுகாலம் பிரிட்டனில் அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1980ஐ ஒட்டி டார்செட்டில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட எரெஸஸ் சிலந்தியும் ஹெதரிடையே வெயில் விழும் திறந்த மண்ணில்தான் வளை தோண்டுகிறது. ஆண் சிலந்தியின் சிவந்த முதுகில் கரும்புள்ளிகள் இருக்கும். பாசியும் ஹெதரும் நிரப்பிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளில் அதைக் குடியேற்றி, அப்புட்டிகளைப் புதிய இடங்களில் புதைத்துப் பரப்பியிருக்கின்றனர். மிதமாக நடக்கும் கால்கள் இவற்றுக்கெல்லாம் உதவி. அளவு மீறினால் பாதையே நீரோடையாகி மண்ணை அரித்துவிடும்.

இன்றைய பேராபத்து வானிலிருந்து வருகிறது. மோட்டார் வாகனங்களின் புகையும், கால்நடைப் பண்ணைகளின் சாணத்திலிருந்து எழும் அமோனியாவும் மழையோடும் காற்றோடும் இறங்கி, கேட்காமலே இந்நிலத்துக்கு உரமிடுகின்றன. ஹாலந்தில் பண்ணைகள் நெருங்கியிருந்ததால் விளைவு முதலில் அங்கே தென்பட்டது. நைட்ரஜன் மிகுந்த ஹெதர் இலைகளைத் தின்று பெருகிய ஒருவகை வண்டுகள் செடிகளை மொட்டையடிக்க, இடைவெளிகளில் புற்கள் புகுந்தன; 1980களுக்குள் அந்நாட்டு ஹீத்துகளில் மூன்றிலொரு பங்கு புல்தரையாக மாறிவிட்டது. வேலி போட்டுப் பாதுகாத்த நிலமும் இதற்குத் தப்பவில்லை.

ஆகவே பர்பெக்கில் காவல் என்பது பெரும்பாலும் உழைப்பாகவே இருக்கிறது. பல உடைமையாளர்களின் நிலங்களுக்கிடையே இருந்த வேலிகளை நீக்கி, மாடுகளையும் மட்டக்குதிரைகளையும், காட்டுப்பன்றி ஒருகாலத்தில் செய்த கிளறும் வேலையைச் செய்வதற்காகச் சுருள்மயிர் படைத்த மங்காலிட்சாப் பன்றிகளையும் மேயவிட்டிருக்கின்றனர். அக்டோபருக்குப் பின், பறவைகளும் பாம்புகளும் இடையூறுபடாத மாதங்களில், எங்களோடு நடந்தவர்களுள் சிலரும் சேர்ந்த தொண்டர் குழுக்கள் பைன் கன்றுகளைக் கையால் பிடுங்குகின்றன. பிர்ச் மரங்களை அறுக்கின்றன. முதிர்ந்து நடுவில் பிளந்த ஹெதரை வெட்டி, மண்ணில் பல பத்தாண்டுகள் காத்திருக்கும் அதன் விதைகள் முளைக்க இடம் செய்கின்றன. சில இடங்களில் பழைய குடியானவர்களைப் போலவே மேல்மண்ணையும் சீவியெடுக்கின்றனர். வெட்டியது எதையும் அங்கேயே மட்க விடுவதில்லை, விட்டால் அதன் சத்து திரும்ப மண்ணுக்கே சேர்ந்துவிடும். ஆகையால் கடைசிச் சுள்ளி வரையில் வண்டியிலேற்றி ஹீத்துக்கு வெளியே கொண்டுபோகிறார்கள்.